மணிக்கட்டுப் பட்டைக்கு மணி வைப்பது எப்படி?

நம்மில் பலருடைய மணிக்கட்டில் கைக்கடிகாரம் இருந்த இடத்தில் இன்று ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது. கடையில் ஃபிட்னஸ் பேண்டு என்று கேட்டு வாங்குகிறோம். அது நாம் நடந்த அடிகளை எண்ணுகிறது; உறங்கிய நேரத்தைக் கணிக்கிறது; நாடித் துடிப்பைச் சொல்கிறது. இவற்றோடு, யாரும் பெரிதாக நினைக்காத ஒரு வேலையாக, மணியும் காட்டுகிறது. அந்தக் கடைசி வேலையில் பிழை நேர்ந்தால் முந்திய மூன்றும் பிழையாகிவிடும் என்பதை இந்த ஆண்டு நாங்கள் பட்டறிந்தோம். பட்டறிந்தவர்கள் நாங்கள், ஆனால் பட்டவள் எங்கள் தோழி ஒருத்தி. அவளுடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், எங்கள் உடற்கல்வி ஆசிரியை பதினொன்றாம் வகுப்பு மாணவியர் ஐவரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு பட்டை தந்தார். இரண்டு வாரம் அணிய வேண்டும். நாள்தோறும் எத்தனை அடி நடக்கிறோம், எவ்வளவு உறங்குகிறோம் என்று பார்த்து, விளையாட்டு விழாக் கண்காட்சியில் வரைபடமாக வைக்க வேண்டும். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது இலக்கு. (இந்தப் பத்தாயிரம் என்ற எண்ணை எந்த மருத்துவரும் முதலில் எழுதிக் கொடுக்கவில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்குப் ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்; அந்தப் பெயர் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது.)

எங்களில் நால்வர் வீட்டிலிருந்து வருபவர்கள். எங்கள் பட்டைகள் பெற்றோரின் கைபேசிகளோடு இணைக்கப்பட்டன. ஐந்தாமவள் விடுதி மாணவி. அவளுடைய பட்டை, விடுதியில் பாடல் போடவும் காணொலிப் பாடம் பார்க்கவும் வைத்திருக்கும் ஒரு பழைய கைபேசியோடு இணைக்கப்பட்டது. அதில் சிம் அட்டை கிடையாது. கம்பியில்லா இணையத்தில் மட்டும் இயங்கும். ஐவருடைய கணக்குகளையும் ஆசிரியை பள்ளி அலுவலகக் கணினியில் திறந்து பார்ப்பார்.

முதல் வாரம் கழிந்தது. இரண்டாவது வாரத்தின் நடுவே ஆசிரியை எங்கள் தோழியைத் தனியே அழைத்தார். அவளுடைய வரைபடத்தில் ஒவ்வொரு நாளும் நள்ளிரவு 12.10 முதல் 12.40 வரை ஏறத்தாழ 3,000 அடி நடந்ததாக ஒரு கோபுரம் எழுந்து நின்றது. புதன்கிழமை காய்ச்சல் என்று அவள் நோயாளர் அறையில் படுத்திருந்தாள். அன்றும் நள்ளிரவு 12.10-க்கு அதே கோபுரம்! செய்தி விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டரின் காதுக்குப் போயிற்று. நள்ளிரவில் ஒரு பெண் படுக்கையை விட்டு எழுந்து அரை மணி நேரம் எங்கே நடந்தாள், யாரோடு நடந்தாள், காய்ச்சல் என்றது உண்மைதானா என்ற கேள்விகள் எழுந்தன. “நான் எங்கும் போகவில்லை, சிஸ்டர். மாலையில் படிப்பு நேரத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி நடப்பேன். அவ்வளவுதான்” என்று அவள் அழுதாள். “பட்டை பொய் சொல்லுமா?” என்று கேட்டார்கள். அவள் கையிலிருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தால், அது மிகச் சரியான மணியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே, நேரத்தில் கோளாறு என்று சொல்லவும் வழியில்லை.

பட்டை பொய் சொல்லுமா? இதற்கு விடை காண, பட்டைக்கு மணி எங்கிருந்து வருகிறது என்று நாம் முதலில் அறிய வேண்டும்.

நம் தாத்தாவின் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் பக்கவாட்டில் ஒரு திருகு இருந்தது. வானொலியில் செய்திக்கு முன் ஒலிக்கும் ‘பீப்’ ஓசைக்காகத் திருகை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, கடைசி ஓசையில் அழுத்திவிடுவார். அதோடு மணி வைத்தாயிற்று. நம் பட்டையில் திருகு இல்லை. பெரும்பாலான பட்டைகளில் மணியை மாற்றுவதற்கென்று எந்தப் பொத்தானும் இல்லை. திரையை எத்தனை முறை தட்டினாலும் அப்படி ஒரு பக்கம் வராது. பலர் பட்டை கெட்டுவிட்டது என்று எண்ணுவது இதனால்தான். பட்டை தானாக மணி அறிவதில்லை. அது கைபேசியிடம் கேட்டு அறிகிறது.

அப்படியானால் கைபேசி அருகில் இல்லாதபோது பட்டையின் மணி நின்றுவிடுமா? நிற்காது. அதனுள் அரிசி மணியினும் சிறிய ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. இசைக்கவை போன்ற வடிவில் செதுக்கப்பட்ட இப்படிகம் மின்சாரம் பட்டதும் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த வினோத எண்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள், 32,768 வரும். ஆகவே அதிர்வு எண்ணிக்கையை 15 முறை பாதி பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று என்ற துடிப்பு கிடைத்துவிடும். 1969 டிசம்பரில் ஜப்பானிய சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அன்று அது பெரிய விலை. இன்று படிகம் மிக மலிந்து, சாதாரணச் சுவர்க் கடிகாரத்திலும் இருக்கிறது.

இந்தப் படிகங்கள் நல்லவை, ஆனால் பிழையற்றவை அல்ல. பத்து லட்சத்தில் 20 பங்கு அளவுக்கு முன்பின் ஆவது சாதாரணம். ஒரு நாளுக்கு 86,400 நொடி. கணக்கிட்டால் நாளொன்றுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறத்தாழ 50 நொடி. ஏறக்குறைய 25 பாகை வெப்பத்தில் செம்மையாக ஓடும்படி இவற்றைச் செய்கிறார்கள். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் சற்றே மெதுவாகும். ஆகவே வாரக் கணக்கில் கைபேசியோடு சேராத பட்டை சில நொடிகள் விலகும். ஆனால் எந்தப் படிகமும் மணிக்கணக்கில் விலகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டையும் கைபேசியும் புளூடூத் வழியாகச் சந்திக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. பட்டை, தான் சேர்த்து வைத்த அடிகளையும் உறக்கத்தையும் கைபேசியிலுள்ள செயலிக்குக் கொடுக்கிறது. கைபேசி, மணி என்ன என்று பட்டைக்குச் சொல்கிறது. இதைத்தான் ஒத்திசைவு என்றும், பேச்சில் ‘சிங்க்’ செய்வது என்றும் சொல்கிறோம். மாணவி கணக்கு நோட்டைக் கொடுத்துவிட்டு, ஆசிரியையிடம் திருத்தம் வாங்கிக்கொண்டு வருவதைப் போன்றது இது.

ஆசிரியைக்கு யார் சொல்கிறார்கள்? சிம் அட்டை உள்ள கைபேசிக்குக் கைபேசிக் கோபுரம் சொல்கிறது. இணையமுள்ள கைபேசி, நேரம் சொல்வதற்கென்றே இருக்கும் கணினிகளிடம் கேட்கிறது. இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கும் தோழியிடம் “மணி என்ன?” என்று கூவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் குரல் போய்ச் சேரச் சிறிது நேரம். அவள் பதில் வந்து சேரச் சிறிது நேரம். அவள் சொன்ன மணி நம் காதில் விழும்போது பழையதாகியிருக்கும். கேட்ட கணத்துக்கும் பதில் வந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் பாதியை அவள் சொன்னதோடு கூட்டிக்கொண்டால் ஏறக்குறையச் சரியாகிவிடும். 1985-இல் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த இணைய நேர முறையின் உயிர்நாடி இதுவே. இந்தக் கணினிகள் அணுக் கடிகாரங்களைப் பின்பற்றுகின்றன. சீசியம் அணு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு நொடி என்று 1967-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. நம் நாட்டின் நேரத்தை இத்தகைய சீசியம் கடிகாரங்களைக் கொண்டு புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் காத்து வருகிறது.

இதுவரை எல்லாம் நேராக இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான்.

கைபேசியின் உள்ளே ஓடுவது நாம் காணும் மணி அன்று. அது உலகப் பொது நேரம்; பழைய நூல்களில் கிரீன்விச் நேரம் என்று படித்தோமே, ஏறக்குறைய அதுதான். பெரும்பாலான கைபேசிகளும் கணினிகளும் 1970-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளை எண்ணி வருகின்றன. இன்று அந்த எண் 170 கோடியைத் தாண்டிவிட்டது. உள்ளே இந்த எண். வெளியே காட்டும்போது, நாம் எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டுக்குரிய வேறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ காட்டும். இந்த வேறுபாட்டுக்கு நேர வலயம் என்று பெயர். ஆக, திரையில் தெரியும் மணிக்கு இரண்டு பெற்றோர்: ஒன்று உள்ளே ஓடும் பொது நேரம், மற்றொன்று நேர வலயம். இரண்டும் தனித்தனியே சரியாக இருந்தால் மணி சரி. இரண்டும் தவறாக இருந்து, ஒரு தவறு மற்றொரு தவறை ஈடுகட்டினாலும் திரையில் மணி சரியாகவே தெரியும்! எங்கள் தோழிக்கு நேர்ந்தது இதுதான். ஆனால் அன்று எங்களுக்கு இது தெரியாது.

எங்களுக்கு வழிகாட்டியது அவளுடைய உறக்கம். அலுவலகக் கணினியில் அடிகளின் பக்கத்தை மட்டுமே எல்லாரும் பார்த்திருந்தனர். நாங்கள் ஆசிரியையின் அனுமதி பெற்று உறக்கத்தின் பக்கத்தைத் திறந்தோம். அவள் அதிகாலை 3.00 மணிக்கு உறங்கிக் காலை 10.30-க்கு விழித்ததாக இருந்தது. ஒரு நாள் அன்று, எல்லா நாளும். விடுதியில் காலை 5.00 மணிக்கு எழுப்பும் மணி அடித்த பின் ஒருவரும் படுத்திருக்க முடியாது என்பதை விடுதி மாணவியர் அறிவர். அது போகட்டும். திங்கட்கிழமை காலை 10.00 மணிக்கு அவள் எங்களோடு கணிதத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். விடைத்தாள் கணித ஆசிரியையிடம் இருந்தது. உறங்கியபடியே ஒருத்தி கால்குலஸ் எழுதி 100-க்கு 81 வாங்க முடியுமா?

உடனே நோட்டில் எழுதிப் பார்த்தோம். விடுதியில் விளக்கணைப்பது இரவு 9.30, பட்டையின் கணக்கில் 3.00. எழுவது 5.00, பட்டையின் கணக்கில் 10.30. மாலை நடை தொடங்குவது 6.40, பட்டையின் கணக்கில் நள்ளிரவு 12.10. மூன்றிலும் வேறுபாடு 5 மணி 30 நிமிடம். ஒரு நிமிடமும் கூடவில்லை, குறையவில்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியை நோட்டைப் பார்த்துவிட்டு, “இந்த ஐந்தரையை நீங்கள் இதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லையா?” என்று மட்டும் கேட்டார்.

பார்த்திருக்கிறோம், புவியியல் பாடத்தில். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்து இந்தியாவின் பொது நேரம் 1906 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 82.5-ஐ 15-ஆல் வகுத்தால் 5.5. கிரீன்விச்சை விட நாம் ஐந்தரை மணி முன்னே இருப்பது இதனால். அதற்கு முன் இந்திய ரயில்வேக்கள் மதராஸ் நேரத்தைப் பின்பற்றின. அது கிரீன்விச்சை விட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. அந்த 9 நிமிடம் எங்கும் போய்விடவில்லை. இன்றும் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டின் சராசரியில், கடிகாரத்தின் 12.00 மணிக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்னரே.

இடைவேளையில் விடுதிக்கு ஓடி அந்தப் பழைய கைபேசியின் அமைப்புகளைத் திறந்தோம். நேர வலயம் என்ற இடத்தில் ‘இலண்டன்’ என்று இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதை யாரோ துடைத்துப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். சிம் இல்லாததால் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரிந்திருக்கும். பார்த்தவர், நம் தாத்தா திருகைத் திருப்பியது போல, தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு மணியை மட்டும் கையால் முன்னே தள்ளிவிட்டார். திரையில் மணி சரியாயிற்று. ஆனால் உள்ளே என்ன ஆயிற்று? மாலை 6.40 என்பதை இலண்டனின் 6.40 என்று கைபேசி நம்பியது. பட்டைக்கு 6.40 என்றே சொன்னது. பட்டையும் சரியாகக் காட்டியது. கணக்குக்கு அனுப்பும்போது பொது நேரம் 6.40 என்று எழுதி அனுப்பியது. எங்கள் அலுவலகக் கணினியோ இந்தியாவில் இருப்பது. அதனோடு ஐந்தரையைக் கூட்டி நள்ளிரவு 12.10 என்று காட்டியது. கைபேசியிலேயே செயலியைத் திறந்தால் அவள் நடை மாலை 6.40 என்றே காட்டியது! இந்த ஒரு பக்கத்தை முதல் நாளே யாராவது பார்த்திருந்தால் அவள் அவ்வளவு அழுதிருக்க வேண்டாம்.

மாலை 6.30-க்குப் பின் நடந்த அடிகள் எல்லாம் மறுநாள் கணக்கில் விழுந்தன. ஒவ்வொரு நாளும் 3,000 அடியை இழந்து, முந்திய நாளின் 3,000-ஐப் பெற்றுக்கொண்டதால், நாள் மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. காய்ச்சல் வந்த புதனன்று மட்டும் உண்மை துருத்திக்கொண்டு நின்றது: செவ்வாய் மாலையின் நடை புதனின் கணக்கில். அதையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கினோம். ‘ஆக்கினோம்’ என்றுதான் எழுத வேண்டும். எங்களிலும் இருவர் முதல் நாள் அவளை நம்பவில்லை.

இனி, திருத்தும் முறை. இங்கே வரிசை முக்கியம்.

எதையும் தொடுமுன் பட்டையை ஒருமுறை ஒத்திசைத்து, அன்றைய அடிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நேர வலயத்தை மாற்றும்போது சில செயலிகளில் அன்றைய கணக்கு குழம்புவது உண்டு. பட்டையை அழித்துப் புதிதாக இணைப்பது கடைசி வழி. அனுப்பப்படாத கணக்கு அதோடு போய்விடும். நம்மில் அவசரக்காரர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

பிறகு பட்டையை விட்டுவிட்டுக் கைபேசிக்குச் செல்லுங்கள். அமைப்புகளில் ‘தேதியும் நேரமும்’ என்ற பகுதியில், நேரத்தைத் தானாக அமைத்தல், நேர வலயத்தைத் தானாக அமைத்தல் என்ற இரண்டையும் இயக்கத்தில் வையுங்கள். சிம் இல்லாத கைபேசியில் வலயத்தை நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. பட்டியலில் சென்னையைத் தேடி ஏமாறாதீர்கள். பல கைபேசிகளில் இந்திய நேரம் கொல்கத்தா என்ற பெயரில் இருக்கும். கொழும்பைத் தொட்டாலும் இன்று அதே ஐந்தரைதான். அருகிலுள்ள காத்மாண்டு என்பதைத் தொட்டுவிட்டால் ஐந்தே முக்கால் ஆகிவிடும். கால் மணி வேறுபாடு எளிதில் கண்ணில் படாது.

நாங்கள் இலண்டனை மாற்றி இந்தியாவைத் தொட்டவுடன் கைபேசியின் மணி காலை 11.05-லிருந்து மாலை 4.35-க்குத் தாவிவிட்டது. இன்னும் கெடுத்துவிட்டோம் என்று பயந்தோம். இல்லை, மறைந்திருந்த தவறு அப்போதுதான் வெளியே வந்தது. தானியங்கி நேரத்தை இயக்கியதும் மணி 11.05-க்குத் திரும்பியது. இப்போது உள்ளும் சரி, புறமும் சரி.

அடுத்து, செயலியில் நம் கணக்கின் விவரப் பக்கத்தில் நேர வலயம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில செயலிகள் கைபேசியைப் பின்பற்றும்; சில தம் கணக்கிலுள்ள வலயத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அதையும் இந்தியாவாக்கிய பின், புளூடூத்தை இயக்கி, பட்டையைக் கைபேசிக்கு அருகில் வைத்து, செயலியின் முதல் பக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் ஒத்திசைவு நடக்கும். பட்டையின் மணி அப்போதுதான் மாறும். மாறாவிட்டால் புளூடூத்தை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்; அதன்பின் கைபேசியையும் பட்டையையும் ஒருமுறை நிறுத்தி எழுப்புங்கள்.

தவறு எவ்வளவு என்று அளந்து பார்த்தாலே பெரும்பாலும் அதன் காரணம் தெரிந்துவிடும். ஐந்தரை என்றால் கிரீன்விச். இரண்டரை என்றால் சிங்கப்பூர் அல்லது மலேசியா. ஒன்றரை என்றால் துபாய். எங்கள் வகுப்பில் ஒருத்திக்குச் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டு வந்து கொடுத்த பட்டை, அவர் தொடங்கிய கணக்கிலேயே ஓடிற்று. காலை 5.00 மணிக்கு அதிரும்படி வைத்துப் படுத்தாள். அது சிங்கப்பூரின் 5.00 மணிக்கு அதிர்ந்தது. எழுந்து, குளித்து, பால்காரரை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்த பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் மூன்று மணிகூட ஆகவில்லை. இலண்டன் மட்டும் சற்று ஏமாற்றும் ஊர்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், எங்கள் சம்பவம் ஜூலையில் நடந்திருந்தால் வேறுபாடு நாலரையாக இருந்திருக்கும். நாங்கள் இன்னும் இரண்டு நாள் குழம்பியிருப்போம்.

பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று முன்னே ஓடினால் கைபேசியை வீட்டில் யாரோ வேண்டுமென்றே முன்னே வைத்திருக்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் வேகமாக வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பேருந்தைத் தவறவிடாமலிருக்க அது உதவலாம், பட்டைக்கு உதவாது. நாள் கணக்கில் முன்னே ஓடினால் தம்பியை விசாரியுங்கள். கைபேசி விளையாட்டில் தீர்ந்துபோன ‘உயிர்’ சீக்கிரம் திரும்ப வரட்டும் என்று தேதியை முன்னே தள்ளும் சாமர்த்தியம் தம்பிகளுக்கு உண்டு.

சார்ஜ் முற்றிலும் தீர்ந்து மீண்டும் எழும் பட்டை, பழைய மணியையோ, தயாரித்தவர் வைத்த ஏதோ ஒரு தொடக்கத் தேதியையோ காட்டக்கூடும். கைபேசியைச் சந்திக்கும் வரை அது அந்தக் காலத்திலேயே வாழும். நாம் நடக்கும் அடிகள் அந்தத் தேதியில் விழக்கூடும். எங்காவது 1970 சனவரி 1, காலை 5.30 என்று கண்டால் அஞ்ச வேண்டாம். எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கியிருக்கிறது. அதனோடு நம் ஐந்தரை சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஓரிரு நொடி வேறுபாட்டை எவரும் திருத்த வேண்டியதில்லை; படிகத்தின் இயல்பு அது, அடுத்த ஒத்திசைவில் தானே சரியாகும்.

நேரத்தைத் திருத்திய பின்னும் எங்களுக்கு ஒரு வேலை மீதியிருந்தது. புதிய கணக்குகள் சரியாக விழுந்தன. ஆனால் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்ட பத்து நாள்கள் தவறாகவே நின்றன. கடந்ததைத் திருத்தும் பொத்தான் அந்தச் செயலியில் இல்லை. ஆகவே ஒரு நீளத் தாளில் அவளுடைய பத்து நாளையும் மணி மணியாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஐந்தரையைக் கழித்து, நள்ளிரவுக் கோபுரங்களை எல்லாம் முந்திய நாளின் மாலைக்கு நகர்த்தினோம். செவ்வாய்க்கிழமை 11,000 அடிக்கு மேல் ஏறியது. புதன்கிழமை 400-க்கும் கீழே இறங்கியது. நோயாளர் அறையிலிருந்து குளியலறைக்குப் போய் வந்த அடிகள். உடற்கல்வி ஆசிரியை தாளின் ஓரத்தில் கையொப்பமிட்டார்.

விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டரிடம் தாளை நாங்களே கொண்டு போனோம். அவர் புதன்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே அழைத்தார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கண்காட்சியில் ஐந்து வரைபடங்களும் வைக்கப்பட்டன. அவளுடையது மட்டும் கையால் வரைந்தது. அதன் கீழே ‘5 மணி 30 நிமிடம் கழித்தது’ என்று அவளே எழுதியிருந்தாள். பார்க்க வந்த பெற்றோரில் பாதிப் பேர் அந்த வரியின் அருகில் நின்று, அது என்ன கணக்கு என்று கேட்டார்கள். அன்று மாலை வரை அவள்தான் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.